தனசிங் அங்கே இருப்பான்

ஆகஸ்ட் 19, திங்கள்

சுகிர்தத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. இனி வைத்தியம் ஒன்றும் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். செவ்வாயும் வெள்ளியும் ஸ்டெல்லா என்ற நர்ஸ் வீட்டுக்கு வருவார். மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்டது, வாந்தி, வெளிக்குப் போனது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

எழுதுவது எனக்குப் புதிதல்ல. முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தேன். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதியே காலம் போனது.

பகல் 2: வலி மாத்திரை ஒன்று. 3.30: கஞ்சி அரை டம்ளர். மாலை 6: மாத்திரை. வாந்தி இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

காலை 6, 10, பகல் 2, மாலை 6 மாத்திரை. இட்லி ஒன்று, அதிலும் பாதி.

புற்றுநோய்க்கு ஊசி போட்டதில் கொட்டிப்போன முடி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. சீவிவிடச் சொன்னாள். சீவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: “அங்க போவும்போது முடி திரும்ப வந்திருமாங்க?”

“எல்லாம் புதுசாத்தான் இருக்கும்” என்றேன்.

“வயசு?”

தெரியவில்லை என்றேன்.

“அவிய இருபத்தொம்பது வயசுல போனாவ. நான் அறுபத்தொண்ணு. இந்தக் கோலத்துல போயி நின்னா, அவிய அம்மைன்னு நெனைச்சுக் கும்புடப் போறாவ” என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

அவள் ‘அவிய’ என்று சொன்னது தனசிங்கை. அவளுடைய முதல் கணவன். என் சிநேகிதன், எங்கள் டிப்போவில் கண்டக்டர். 1989 நவம்பரில் தாமிரபரணி வெள்ளத்தில் போனான். நானும் கூட இருந்தேன். அப்போது அவர்கள் மகள் பியூலாவுக்கு ஏழு மாதம். இரண்டு வருஷம் கழித்து சுகிர்தத்தை நான் கட்டினேன். ஊருக்கே தெரிந்த கதை.

இருமல் நின்றதும் சொன்னாள்: “போன ஒடனே ஒண்ணு கேக்கணும். கைப்புள்ளக்காரிய வீட்டுல விட்டுட்டு வெள்ளத்துல குளிக்க அப்படி என்ன அவசரம்னு. பேண்ட்டோட ஆத்துல எறங்குத மனுஷன எங்கயாவது பாத்திருக்கியளா? அதக் கேட்டுட்டு, பெறகு அவியகிட்ட ஒங்களப் பத்திச் சொல்லுவேன். ‘வெள்ளத்துல ஒங்களக் காப்பாத்தக் குதிச்சாவளே, அந்தச் சிநேகிதர்தான் பெறகு என்னயும் புள்ளயயும் காப்பாத்துனாவ’ன்னு.”

சீப்பில் இரண்டு பல் உடைந்திருக்கிறது. புதிது வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஸ்டெல்லா சிஸ்டர் வந்தார். முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார். என் நோட்டைப் பார்த்து, “இவ்வளவு நீட்டா யாரும் எழுதினதில்ல அங்கிள்” என்றார்.

சிஸ்டர் கத்தோலிக்கர், கடற்கரைப் பக்கத்து ஊர். சுகிர்தம் இப்போதெல்லாம் வருகிறவர்களிடம் மோட்சத்தைப் பற்றித்தான் பேசுகிறாள். புது ஊருக்குக் குடிபோகிறவள் தண்ணீர் வசதி உண்டா, கடை பக்கமா என்று விசாரிப்பதைப்போல. சிஸ்டரிடமும் கேட்டாள்.

“எங்களுக்கு நடுவுல உத்தரிக்கிற ஸ்தலம் உண்டும்மா. இங்க செஞ்சதுக்கெல்லாம் அங்க கெடந்து பரிகாரம் பண்ணி, சுத்தமான பெறகுதான் மோட்சம்.”

“எங்க சபையில அது கெடையாது சிஸ்டர். போனா நேராப் போயிர வேண்டியதுதான்.”

நான் வாளித் தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் போனேன். நடுவில் அப்படி ஓர் இடம் இருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். எத்தனை வருஷமானாலும் சரி. முதலில் அங்கே போய்விட்டு, அதற்கப்புறம் தனசிங் முகத்தில் முழிக்கலாம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை. சிஸ்டர் மருந்து கொடுத்துப் போனார். மாலை 4.20க்குப் போனாள். ஸ்தோத்திரம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஜோயல் ஐயர் வீட்டுக்கு வந்து சுகிர்தத்துக்கு நற்கருணை கொடுத்தார். எங்கள் சபைப் போதகர். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

சுகிர்தம் கேட்டாள்: “ஐயா, எனக்கு ரெண்டு பேரு. அங்க போனா நான் யாரு பொண்டாட்டி?”

ஐயருக்கு முகம் சிவந்துவிட்டது. “அங்க புருஷன் பொண்டாட்டிங்கிறதே கெடையாதும்மா. தேவதூதர்கள மாதிரி இருப்போம்.”

“அப்போ நல்லதாப் போச்சு. ரெண்டு பேருக்கும் சண்டை வராது” என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

ஐயரை வழியனுப்ப வாசல் கேட் வரைக்கும் போனேன். கேட்க வேண்டும் என்று வாரக்கணக்காக வைத்திருந்ததைக் கேட்டேன். “ஐயா, கண்ண மூடுன ஒடனே போய்ச் சேந்திருவமா, இல்ல கடைசி நாள்ல எக்காளம் ஊதி எழுப்புத வரைக்கும் எல்லாரும் தூக்கமா?”

“ரெண்டு விதமாவும் சொல்லுதாங்க அண்ணாச்சி. ஆனா தூங்குறவனுக்கு நேரம் தெரியாதுல்லா? இங்க மூடுற கண்ண அங்க தொறப்போம். நடுவுல ஆயிரம் வருஷம் போனாலும் நமக்கு அது ஒரு நொடிதான்.”

“ஒருத்தர ஒருத்தர் அடையாளம் தெரியுமா?”

“இங்க தெரியுறத விட நல்லாத் தெரியும். அங்க மறைவுன்னு ஒண்ணும் கெடையாதே.” என் தோளைத் தட்டினார். “தைரியமா இருங்க. அம்மாவ நீங்க மறுபடியும் பாப்பிய.”

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அவர் போய் வெகுநேரம் கேட்டருகிலேயே நின்றேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

பியூலா போன் பண்ணினாள். கோயம்புத்தூரில் பள்ளிக்கூட டீச்சர் அவள். காலாண்டுப் பரீட்சை முடிந்து 28ஆம் தேதி வருகிறாளாம். “நீங்க சாப்பிடுறியளாப்பா? அம்மாவப் பாத்துக்கிட்டு நீங்க பட்டினி கெடந்திராதிய” என்றாள். என் சொந்த மகள் இருந்தாலும் இதைவிட மேலாகக் கேட்டிருக்க மாட்டாள்.

பியூலாவை நாங்கள் ஆற்றுப் பக்கமே விடாமல் வளர்த்தோம். சின்ன வயதில் பிடிவாதம் பிடித்தால் சுகிர்தம் ஒரே ஒரு வார்த்தை சொல்வாள்: “அப்படியே அவ அப்பா.” அதற்கப்புறம் அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. தனசிங் போட்டோவை அவள் கேட்டதே இல்லை. அது பீரோவில், துணிக்கு அடியில் கிடக்கிறது.

செப்டம்பர் 7, சனி

இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. தனசிங் உயிரோடு இருந்த காலத்தில் சுகிர்தத்தை நான் ஒரு நாளும் வேறு நினைப்போடு பார்த்ததில்லை. கர்த்தர் அறிவார்.

அவர்கள் கல்யாணத்தில் அவள் வெள்ளைப் பட்டு உடுத்தியிருந்தாள், கரையில் சின்ன ஊதாப் பூ. பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்தாள். அப்பளத்தை நொறுக்கிவிட்டுச் சாப்பிடாமல் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

சிஸ்டர் நேற்றே போனில் சொன்னபடி ஒரு மாத்திரை இரண்டாகிவிட்டது. பகலெல்லாம் தூக்கம். மூன்று மணிக்கு விழித்து இளநீர் நாலு மடக்குக் குடித்தாள்.

என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “சாகப்போற நேரத்துலயும் ‘சுகிர்தத்தப் பாத்துக்கோ’ன்னு ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போனாவ பாத்தியளா, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஒங்களக் கட்டச் சம்மதிச்சேன். கோவம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்த வார்த்தைய மட்டும் எனக்கு மறக்க முடியல.”

டம்ளரைக் கழுவி வைத்தேன்.

அவன் அப்படிச் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, சனி

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். நர்ஸ் பார்க்கும் நோட்டு; நேற்று அவர் வந்தபோது கணக்கை வாயாலேயே சொல்லிச் சமாளித்தேன். கிழிக்கவில்லை. இதற்குப் புது நோட்டு வாங்கி, பழைய பக்கங்களையும் இதில் ஒட்டிவிட்டேன். சிஸ்டருக்கு மாத்திரைக் கணக்கு தனி நோட்டில்.

சனிக்கிழமை காலை அது. எனக்கு ராத்திரி டியூட்டி முடிந்திருந்தது, தனசிங்குக்கு வார ஓய்வு. ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். மேற்கே நல்ல மழை. அவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கரையில் உட்கார்ந்துவிட்டான். “தண்ணி கலரு மாறிட்டுலே. வேண்டாம், ஏறு” என்றான். அவனுக்குச் சுமாராகத்தான் நீச்சல் வரும். எனக்கு நன்றாக வரும். ஆற்று நடுவில் இருக்கும் கல்மண்டபம் வரை போய்த் தொட்டுவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். ஏன் போனேன் என்பது இப்போது எழுத வேண்டியதில்லை.

மண்டபத்துக்குப் பத்தடி இருக்கும்போது இழுத்துவிட்டது. கத்தினேன். அவன் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன். அவன் பேண்ட்டோடு, செருப்பை மட்டும் உதறிவிட்டுக் குதித்தான். எப்படி என்னிடம் வந்தான் என்று தெரியாது. என் தலைமுடியைப் பிடித்து மண்டபத்துப் படிப்பக்கம் தள்ளினான். “படியப் புடிலே, படியப் புடி” என்றான். பிடித்தேன். திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது.

செங்கல் சூளை ஆட்கள் கயிறு போட்டு என்னைக் கரையேற்றினார்கள். நான் தண்ணீரைக் கக்கிக்கொண்டு கிடந்தேன். “இன்னொருத்தன் எங்கடே?” என்று ஒருவர் கேட்டார். ஆற்றைக் காட்டினேன். “சேக்காளியக் காப்பாத்த இவன் குதிச்சிருக்கான், பாவம்” என்று அவரே மற்றவர்களுக்குச் சொன்னார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் முதலில் நான் செய்தது. இல்லை என்று சொல்லவில்லை.

சாயந்திரம் போலீஸ் கேட்டபோது, அவன் குளிக்க இறங்கினான், நான் காப்பாற்றக் குதித்தேன் என்று என் வாயாலேயே சொன்னேன். மறு ஞாயிறு கோயிலில் எனக்காக ஜெபம் பண்ணினார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுகிர்தம் வந்து என்னைக் கும்பிட்டாள். ஆறு மாதம் கழித்து, “கடைசியா ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டாள். அழுதுகொண்டே கேட்டாள். அதற்குத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவளுடைய ஆறுதலுக்காக.

ஆறுதலுக்காக மட்டும் இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

இன்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலேயே தீர்மானித்தேன். பத்து மணிக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். “என்னங்க?” என்றாள். “பெட்ஷீட் மாத்தணும்” என்றேன். மாற்றினேன். பிறகு கடைக்குப் போய்ச் சீப்பும் ஜவ்வரிசியும் வாங்கிவந்தேன்.

ஐயர் சொன்ன ஒரு நொடியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இவள் இங்கே கண்ணை மூடுவாள். அங்கே திறப்பாள். தனசிங் நிற்பான். “ஏன் குளிக்க எறங்கினிய?” என்பாள். அவன் முழிப்பான். “யாரு குளிச்சா?” என்பான்.

அதற்கு முன்னால் என் வாயால் அவள் கேட்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் 18, புதன்

சொல்லிவிட்டேன். காலை 11.10 இருக்கும். உடம்பு துடைத்துவிட்ட பிறகு தெளிவாக இருந்தாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். நான் அழவில்லை. அழுதால் அவள் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவள் மூன்று கேள்வி கேட்டாள்.

“நீங்க கூப்பிட்டியளா, அவியளாக் குதிச்சாவளா?”

“நான் கூப்பிட்டேன்.”

“அதான் பேண்ட் சட்டையோட...” என்று நிறுத்தினாள். “என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?”

“இல்ல. படியப் புடிலேன்னான். அவ்வளவுதான்.”

“நானும் நீங்களும் முப்பத்தி மூணு வருஷம் ஒரு வீட்டுல இருந்திருக்கோம். இதுக்குள்ள ஒரு நாளு கெடைக்கலியா?”

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பகல் 2 மணி மாத்திரையை என் கையிலிருந்து வாங்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பிறகு போய்ப் பார்த்தபோது மாத்திரை இல்லை. தானே எட்டி எடுத்திருக்கிறாள். தண்ணீர் மெத்தையெல்லாம் சிந்தியிருந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

என் கையால் ஒன்றும் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் கஞ்சி கொடுக்கச் சொன்னேன். இரண்டு கரண்டி.

செப்டம்பர் 20, வெள்ளி

சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மாவுக்கு மனசுல என்னமோ இருக்கு. என்கிட்ட அழுதாங்க. என்னன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க” என்றார். வியாதிக்காரர்களுக்கு வரும்தான் என்றேன். இன்னொரு பொய்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மத்தியானம் அவளாகக் கூப்பிட்டாள். நாலு நாளில் முகம் பாதியாகியிருக்கிறது.

“இத இப்போ எதுக்குச் சொன்னிய? எனக்காவா, ஒங்களுக்காவா?”

“நீ அங்க போயி கேப்பன்னு சொன்னல்லா...”

“அப்போ ஒங்களுக்குத்தான்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீங்க எறக்கி வச்சிட்டிய. நான் இப்போ எங்க எறக்கி வைக்க? முப்பத்தஞ்சு வருஷமா அவியள நான் திட்டாத நாளு இல்ல. மழை பேஞ்சாத் திட்டுவேன். புள்ளைக்குக் காச்சல் வந்தாத் திட்டுவேன். கல்லறைத் தோட்டத்துக்குப் போனா அவிய கல்லறப் பக்கம் திரும்ப மாட்டேன், எங்கம்மை கல்லறைக்குப் போயிட்டு வந்திருவேன். ஒரு பூ வச்சதில்ல. ஒரு உசுரக் காப்பாத்தப் போயி செத்த மனுஷன. இத வச்சிக்கிட்டு நான் எப்படி அவிய மொகத்தப் பாக்க?”

நான் பயந்த பயம் அப்படியே அவளிடம் போய்விட்டது. சந்தோஷமாகப் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தவள். முடி வருமா, வயது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தவள். நானே அவளுக்கு மோட்சத்தைப் பயமாக்கிவிட்டேன்.

சொல்லாமலிருந்தாலும் பாவம், சொன்னாலும் பாவம். எதைச் செய்திருக்க வேண்டும் என்று யோசித்தால் ஒரே பதில்தான்: 1989இல் சொல்லியிருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து, “மறுபடியும் சொல்லுங்க” என்றாள். “அவிய கரையில உக்காந்திருந்ததுல இருந்து.”

சொன்னேன்.

செப்டம்பர் 25, புதன்

தினமும் கேட்கிறாள். செருப்பை எங்கே உதறினான், எந்தக் கையால் முடியைப் பிடித்தான், குரல் எப்படி இருந்தது. தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். இன்று என் கையால் கஞ்சி வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 28, சனி

பியூலா வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் சுகிர்தம் அவளைக் கட்டிலில் உட்காரச் சொல்லி, என்னைப் பார்த்து, “சொல்லுங்க. நான் இருக்கும்போதே சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். பியூலா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் எழுந்து அடுக்களைக்குப் போனாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவும் சத்தம் கேட்டது. நான் வாசலில் போய் நின்றேன்.

“எங்க பள்ளிக்கூடத்துல பசங்க கேப்பாங்க, ஒங்க அப்பா எப்படி எறந்தாங்கன்னு” என்றாள் திரும்பாமல். “வெள்ளத்துல குளிக்கப் போயி முட்டாள்தனமாச் செத்தாருன்னு சொல்லுவேன். பிள்ளைகளுக்கு ஒரு பாடமா இருக்கட்டும்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுவேன்.”

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் சாவியை வாங்கிப் பீரோவைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்த போட்டோவை எடுத்தாள். இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார்கள். நான் கொல்லையில் துணி காயப் போட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

சுகிர்தம் பேசுவது காதைப் பக்கத்தில் வைத்தால்தான் கேட்கிறது. இன்று அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஒங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு பாக்கேன். வர மாட்டேங்கு. வராதத வந்த மாதிரி சொன்னா அது பொய்யில்லா? பொய்யோட அங்க போவ மாட்டேன். மொதல்ல நான் அவியகிட்ட மன்னிப்புக் கேக்கணும். பெறகு ஒங்களுக்காவயும் கேக்கேன். அவிய என்ன சொல்லுதாவளோ அதான். அது அவிய மன்னிக்க வேண்டியது, நான் இல்ல.”

“சரி” என்றேன்.

“என்ன அவிய குழியிலயே வைங்க. எழும்பும்போது பக்கத்துல அவியதான் இருக்கணும்.”

அதற்கும் சரி என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் என்று வேப்பமரத்துப் பக்கம் நான் இடம் சொல்லி வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

பிறகு என் கை நகத்தைத் தடவிப் பார்த்து, “வெட்டணும்” என்றாள்.

அக்டோபர் 2, புதன்

மாத்திரை விழுங்க முடியவில்லை. சிஸ்டர் நாக்குக்கு அடியில் சொட்டு மருந்து விடச் சொன்னார். பியூலா வேதம் வாசித்தாள். கண்ணீரெல்லாம் துடைக்கப்படும் என்ற இடம் வந்தபோது சுகிர்தத்தின் உதடு அசைந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

காலை 11.40.

அக்டோபர் 5, சனி

தனசிங் கல்லறையைத் திறந்து அதிலேயே வைத்தோம்.

நேற்றே ஜோயல் ஐயரிடம் எல்லாவற்றையும் சொல்லி, கோயிலில் நான் பேச வேண்டும் என்று கேட்டேன். “இதச் சபையில சொல்லணும்னு கட்டாயம் இல்ல அண்ணாச்சி. தேவனுக்குத் தெரியும்” என்றார். தேவனுக்கு முதலிலிருந்தே தெரியும், ஊருக்குத்தான் தெரியாது என்றேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நாலு வாக்கியம் சொன்னேன். தனசிங் குளிக்க இறங்கவில்லை. நான்தான் இறங்கினேன். என்னைக் காப்பாற்றத்தான் அவன் குதித்தான். முப்பத்தைந்து வருஷம் மாற்றிச் சொன்னேன்.

வெளியே வந்ததும் எங்கள் டிப்போவில் வேலை பார்த்த ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். “சேக்காளியக் காப்பாத்த முடியலங்கிற வெசனம் இன்னும் போவலியேடே ஒனக்கு” என்றார். நான் சொன்னது உண்மை என்றேன். “சரி, சரி” என்று முதுகைத் தடவினார். அவர் பின்னால் நின்ற பெண்கள், “துக்கத்துல பேசுதாவ, பாவம்” என்றது காதில் விழுந்தது. சாப்பாட்டு வேளைக்குள் எல்லோரும் அதையே நம்பிவிட்டார்கள்.

ஐயரை விட்டால், நான் சொன்னதை நம்பியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி போய்விட்டாள்.

அக்டோபர் 9, புதன்

வாடகைக் கட்டிலை வந்து எடுத்துப் போனார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு

பியூலாவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பகல் 1.15 வண்டி. சீக்கிரமே போய்விட்டோம். பிளாட்பாரத்துச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தோம். மடியில் அவள் கைப்பை. உள்ளே தனசிங் போட்டோ இருக்கிறது.

“ஒண்ணு மட்டும் நீங்க சொல்லல” என்றாள். “வெள்ளத்துல அந்த மண்டபத்துக்கு எதுக்குப் போனிய?”

சுகிர்தம் இதைக் கேட்கவே இல்லை. அத்தனை கேள்வி கேட்டவள், இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

பியூலாவிடம் சொன்னேன். வெள்ளத்துக்கு முந்தின வாரம் தனசிங் வீட்டில் காப்பி குடிக்கும்போது சுகிர்தம் என்னிடம், “நீங்க மண்டபம் வரைக்கும் நீந்திருவியளாமே, இவிய சொன்னாவ” என்றாள். சும்மா, பேச்சுக்குச் சொன்னது. வெள்ளத்தில் மண்டபத்தைத் தொட்டுவிட்டு வந்தால் தனசிங் வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்வான் என்று நினைத்தேன். அவன் போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன்.

எதிரே ஓர் ஆள் பஸ் மேல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். பியூலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி பத்து நிமிஷம் தாமதம். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எப்போதும் ஜன்னல் வழியாக என் கையைப் பிடிப்பாள். இன்று கம்பியைப் பிடித்திருந்தாள். வண்டியை எடுக்கும்போது, “பிரஷர் மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன்.

அக்டோபர் 14, திங்கள்

காலை 7.05க்குப் போன் வந்தது.

“பியூலா பேசுதேன்” என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லி என்னிடம் பேச்சைத் தொடங்கியதில்லை. ‘அப்பா’ என்றுதான் தொடங்குவாள்.

“சொல்லும்மா” என்றேன்.

தாள் புரளும் சத்தம் கேட்டது.

“எங்க அப்பாவுக்கு என்ன கொழம்பு பிடிக்கும்?”

மாங்காய் போட்ட சாளை மீன் குழம்பு என்றேன். முள்ளை எடுக்காமலே மென்றுவிடுவான் என்றேன். “வேற?” என்றாள். டிக்கெட் கிழிக்கும்போது நாக்கைத் துருத்துவான். ஏறுகிற கிழவிகளையெல்லாம் மதினி என்பான். ஒரு பாட்டும் முழுதாகத் தெரியாது, முதல் இரண்டு வரியையே ஊர் வந்து சேரும் வரை பாடுவான். பியூலா பிறந்த அன்றைக்கு டிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டான். அதற்கு மெமோ வாங்கினான். அந்த மெமோவை எல்லோரிடமும் காட்டினான்.

“மெதுவாச் சொல்லுங்க” என்றாள். “எழுதிக்கிட்டு இருக்கேன்.”